கம்பர்லாந்து கவுன்சில்: தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குள் அனுப்பிவிட்டு, வாசலில் காத்திருக்கும் பெற்றோருடன் பேசுவது எனக்குப் பல வருடப் பழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கவுன்சிலுக்கு வந்துவிடும். குப்பைத்தொட்டி, ரேட்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் சொத்து வரி), மண்டபம், பக்கத்து வீட்டுக் கட்டடம் என்று ஒரே கேள்விகள்தான் ஆள் மாறி மாறி வரும். சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட், மேரிலாண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்காக அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கவுன்சில் என்பது நம்ம ஊர் நகராட்சி மாதிரிதானே?

கிட்டத்தட்ட அப்படித்தான். குப்பை, உள்ளூர்த் தெரு, பூங்கா, நூலகம், நீச்சல்குளம், கட்டட அனுமதி, உணவகச் சுகாதாரச் சோதனை எல்லாம் கவுன்சிலின் வேலை. ஆனால் குடிதண்ணீர் சிட்னி வாட்டரிடம் இருக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ், ரயில் ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. விசா, வரி, அரசு உதவித்தொகை தரும் சென்டர்லிங்க் மூன்றும் கான்பராவில் உள்ள மத்திய அரசைச் சேர்ந்தவை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதைச் சேர்க்க 1974-லும் 1988-லும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டும் தோற்றன. அதனால் கவுன்சிலின் அதிகாரம் முழுவதும் மாநிலச் சட்டத்திலிருந்து வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் அது 1993-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். மாநிலம் நினைத்தால் கவுன்சில்களை இணைக்கலாம், பிரிக்கலாம், கலைக்கவும் செய்யலாம்.

நாங்கள் டூங்காபியில் இருக்கிறோம். ஒருவர் பிளாக்டவுன் என்கிறார், ஒருவர் பாராமட்டா என்கிறார். எங்கள் கவுன்சில் எது?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். டூங்காபி மூன்று கவுன்சில்களுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது: பிளாக்டவுன், பாராமட்டா, கம்பர்லாந்து. வென்ட்வொர்த்வில்லும் வெஸ்ட்மீட்டும்கூட இரண்டாகப் பிரிந்தவைதான். வென்ட்வொர்த்வில்லில் ரயில் பாதைக்குத் தெற்கே கம்பர்லாந்து, வடக்கே பாராமட்டா என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர்ப் பெயரையோ அஞ்சல் எண்ணையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். கவுன்சில் இணையதளத்தில் முழு முகவரியைப் போட்டுப் பாருங்கள், அல்லது ரேட்ஸ் பில்லில் உள்ள பெயரைப் பாருங்கள்.

கம்பர்லாந்து கவுன்சில் பிறந்தது 2016 மே 12 அன்று. ஹோல்ராய்ட் கவுன்சிலின் பெரும்பகுதி, ஆபர்ன் கவுன்சிலின் ஒரு பகுதி, பாராமட்டாவின் தெற்குப் பகுதி ஆகியவற்றை மாநில அரசு இணைத்தது. முதல் பதினாறு மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே இல்லை, அரசு நியமித்த ஒரு நிர்வாகிதான் நடத்தினார். முதல் தேர்தல் 2017 செப்டம்பரில் நடந்தது. இன்றும் பழைய ஆட்கள் 'ஹோல்ராய்டில் கேட்டுப் பார்' என்று சொல்வது அதனால்தான். 2021 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 2 லட்சத்து 35 ஆயிரம் பேர் இருக்கிறோம். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

வாடகைக்கு இருக்கிறோம். ரேட்ஸ் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் நூலகம், பூங்கா எல்லாம் பயன்படுத்தலாமா?

ரேட்ஸ் வீட்டு உரிமையாளர் கட்டுவது. உங்கள் பெயருக்கு பில் வராது. ஆனால் சேவை எல்லாமே உங்களுக்கும் உண்டு: நூலக அட்டை, குப்பைத்தொட்டி, பெரிய பொருள் அகற்றும் சேவை, கவுன்சில் கூட்டத்தில் பேசும் உரிமை. 'நாங்கள் வாடகைக்காரர்கள்தானே' என்று தயங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் வாடகையிலிருந்துதான் அந்த ரேட்ஸும் போகிறது.

வீட்டு விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ரேட்ஸும் இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. முதலில், இந்த மாநிலத்தில் ரேட்ஸ் கணக்கிடுவது நிலத்தின் மதிப்பை வைத்து மட்டுமே. மேலே நீங்கள் கட்டிய வீட்டுக்கு அதில் இடமில்லை. நிலத்தை மதிப்பிடுவது கவுன்சில் அல்ல, மாநிலத்தின் தலைமை மதிப்பீட்டாளர். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது புதிய மதிப்பு வரும்.

அடுத்தது, கவுன்சில் மொத்தமாக எவ்வளவு ரேட்ஸ் வருமானம் கூட்டலாம் என்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஐபார்ட் என்ற மாநில அமைப்பு ஒரு வரம்பு வைக்கிறது. இந்த முறை 1970-களிலிருந்து இருக்கிறது. வரம்புக்கு மேல் வேண்டுமென்றால் கவுன்சில் தனியாக விண்ணப்பித்து, மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். ஆகவே எல்லார் நிலமும் ஒரே அளவில் விலை ஏறினால் உங்கள் பங்கு மாறாது. மற்றவர்களைவிட உங்கள் தெரு அதிகமாக ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும், வேறு யாருக்கோ குறையும். ஒரு பானைச் சோற்றை எப்படிப் பங்கிடுவது என்ற கணக்குதான் இது.

பில்லில் குப்பைக் கட்டணம் தனி வரியாக இருக்கும். அது ரேட்ஸ் வரம்புக்கு வெளியே. ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே மாதக் கடைசி நாட்களில் நான்கு தவணையாகக் கட்டலாம். ஃப்ளாட் வைத்திருப்பவர்களுக்கு மொத்த நிலத்தில் அவரவர் பங்குக்குத்தான் கணக்கு. அது சிறியதாக இருப்பதால் பலருக்குக் குறைந்தபட்ச ரேட்ஸ்தான் வரும். கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்குக் கட்டும் ஸ்ட்ராட்டா கட்டணம் இதோடு சேராது, அது வேறு.

அப்பாவுக்கு பென்ஷன் வருகிறது. வீடும் அவர் பெயரில். ஏதாவது குறையுமா?

குறையும். பென்ஷனர் சலுகை அட்டை வைத்திருந்து, வீடு அவர் பெயரில் இருந்து, அவரே அதில் குடியிருந்தால் ரேட்ஸிலும் குப்பைக் கட்டணத்திலும் சேர்த்து ஆண்டுக்கு 250 டாலர் வரை கழிப்பார்கள். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. நம்மவர்களில் எத்தனையோ பேர் கேட்காமலேயே விட்டிருக்கிறார்கள். கட்ட முடியாமல் திணறுகிறவர்களும் வட்டி ஏறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பேசினால் தவணை போட்டுத் தருவார்கள்.

எந்தத் தொட்டியில் எதைப் போடுவது? விருந்து முடிந்த வாழையிலை எங்கே போகும்?

சிவப்பு மூடி பொதுக் குப்பை, மஞ்சள் மறுசுழற்சி, பச்சை தோட்டக் கழிவு. புல், இலை, கிளை, வெட்டிய வாழைமரத்துத் துண்டு பச்சைக்குப் போகும். சாப்பிட்ட இலை, அதில் சோறும் குழம்பும் ஒட்டியிருப்பதால், உணவுக் கழிவைப் பச்சைத் தொட்டியில் ஏற்கும் முறை உங்கள் தெருவுக்கு வரும்வரை சிவப்புதான். 2030 ஜூலைக்குள் மாநிலம் முழுக்க வீட்டு உணவுக் கழிவைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

மஞ்சள் தொட்டியில் நாம் அதிகம் தவறு செய்வது பிளாஸ்டிக் பையில். பாட்டில்களைப் பையில் கட்டிப் போடாதீர்கள். அவிழ்த்து, தனித்தனியாகக் கொட்டுங்கள். அரிசி வந்த நெய்த பிளாஸ்டிக் சாக்கும் மஞ்சளில் போகாது. பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போடவே கூடாது. ஃபோன், விளையாட்டுச் சாமான், வேப் எதிலிருந்தாக இருந்தாலும் சரி, லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அதை அள்ள வருபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. கடைகளிலும் நூலகங்களிலும் பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பானப் பாட்டிலுக்கும் கேனுக்கும் 2017 டிசம்பரிலிருந்து ஒன்றுக்கு 10 சென்ட் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றுகூட வீணாகாது.

பழைய சோபாவை வாசலில் வைத்தால் எடுத்துப் போவார்களா?

முன்பதிவு செய்து, சொன்ன நாளுக்கு முந்தின மாலை வைத்தால் எடுப்பார்கள். பதிவு செய்யாமல் வைத்தால் அது சட்டவிரோதக் கொட்டல், அபராதம் உண்டு. 'எல்லாரும் வைக்கிறார்களே' என்றால், அவர்கள் பதிவு செய்து வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு முன்னால் உள்ள புல்தரை எங்களுடையதா? அதில் முருங்கை வைக்கலாமா?

வேலிக்கும் சாலைக்கும் இடையில் உள்ள அந்த நேச்சர் ஸ்ட்ரிப் கவுன்சிலின் நிலம். ஆனால் புல் வெட்டுவது பழக்கத்தில் நம் வேலை. அங்கே முருங்கை வேண்டாம். கீழே எரிவாயு, தண்ணீர், இணையக் குழாய்கள் ஓடுகின்றன, மேலே மின்கம்பி. கவுன்சில் நட்ட மரத்தை நீங்களாக வெட்டவும் கூடாது. கிளை இடித்தால் புகார் கொடுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் பின்வளவில் தாராளமாக வளரட்டும். ஆனால் வளவுக்குள் இருக்கும் பெரிய மரத்தை வெட்டவும் பெரும்பாலும் அனுமதி வேண்டும்.

தெருவில் குழி, நடைபாதையில் கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. யாரிடம் சொல்வது?

உள்ளூர்த் தெருவும் நடைபாதையும் என்றால் கவுன்சில். கிரேட் வெஸ்டர்ன் ஹைவே, கம்பர்லாந்து ஹைவே போன்ற பெரிய சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில். தெருவிளக்கு எரியவில்லையென்றால் இந்தப் பக்கத்தில் எண்டெவர் எனர்ஜி என்ற மின் நிறுவனம். தவறான இடத்தில் புகார் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புகாரில் மூன்று விஷயம் இருக்கட்டும்: படம், மிக அருகில் உள்ள கதவு எண், என்ன ஆபத்து என்பது. 'நடைபாதை மோசம்' என்பதைவிட '14-ஆம் எண் வீட்டு வாசலில் கல் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கிறது, ஊன்றுகோலோடு நடக்கும் என் மாமியார் தடுக்கி விழப் பார்த்தார்' என்பது வேகமாகப் போய்ச் சேரும். கொடுக்கும் குறிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். திரும்பக் கேட்க அதுதான் பிடி.

மகளின் அரங்கேற்றத்துக்கு, பொங்கலுக்கு கவுன்சில் மண்டபம் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

சீக்கிரம் பதிவு செய்யுங்கள், அதுதான் முதல் விஷயம். வென்ட்வொர்த்வில், மேரிலாண்ட்ஸ், கிரான்வில் பக்கம் சனிக்கிழமை மாலைக்குப் பெரிய போட்டி. வாடகையோடு ஒரு வைப்புத் தொகையும் கேட்பார்கள். சுத்தமாக விட்டுப் போனால் அது திரும்ப வரும். பதிவு நேரத்திலேயே அலங்காரம் செய்யும் நேரத்தையும் கழற்றிக் கழுவும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றால் மேடைக்குப் பூக்கட்ட மூன்று மணிக்கே உள்ளே போயாக வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் பூட்டிய கதவின் முன் நின்ற குடும்பங்கள் உண்டு.

சங்கமாக எடுத்தால் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள். வழக்கமாக 2 கோடி டாலர் அளவுக்கு இருக்க வேண்டும். தனிக் குடும்ப நிகழ்ச்சி என்றால் விதி வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: கற்பூரமும் சாம்பிராணியும். புகை எச்சரிக்கைக் கருவி தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும் மண்டபங்கள் பல. வீணாக வண்டி வந்தால் பெரிய தொகை கட்ட நேரிடும். குத்துவிளக்கு ஏற்றப் போகிறோம், ஆரத்தி எடுக்கப் போகிறோம் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். சில இடத்தில் வெளித் தாழ்வாரத்தில் ஏற்ற விடுவார்கள், சில இடத்தில் மின்விளக்குதான்.

வீட்டில் பாட்டு எத்தனை மணி வரை போடலாம்? தீபாவளிக்குப் பட்டாசு?

வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவுக்குப் பிறகும், மற்ற நாட்களில் இரவு 10 மணிக்குப் பிறகும், காலை 8 மணி வரை உங்கள் ஒலிபெருக்கி பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கக் கூடாது. அதற்கு முன்னாலும் அளவு மீறினால் புகார் செய்யலாம், போலீஸும் வரும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரத்தோடு போய்ச் சொல்லி வாருங்கள். எங்கள் தெருவில் இதுவரை அது தவறியதே இல்லை.

பட்டாசு வெடிக்க உரிமம் வேண்டும். கம்பி மத்தாப்பு மாதிரிச் சின்னப் பொருட்கள் மட்டும் விலக்கு. வாணவேடிக்கை பார்க்க ஆசை என்றால் பொது விழாக்களுக்குப் போகலாம். வென்ட்வொர்த்வில் டன்மோர் தெருவை மூடி கவுன்சில் தீபாவளித் தெருவிழா நடத்தியிருக்கிறது. பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

பின்வளவில் கிரானி ஃப்ளாட் (அதே நிலத்தில் தனிச் சிறு வீடு) கட்ட கவுன்சில் அனுமதி வேண்டுமா?

அனுமதி வேண்டும், ஆனால் அது கவுன்சிலிடமிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. நிலம் குறைந்தது 450 சதுர மீட்டர், கட்டடம் 60 சதுர மீட்டருக்குள், எல்லை இடைவெளி, உயரம் எல்லாம் மாநில விதிக்குப் பொருந்தினால் பதிவு பெற்ற தனியார் சான்றாளரே ஒப்புதல் தரலாம். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் கவுன்சிலுக்கு டி.ஏ. (கட்டட அனுமதி விண்ணப்பம்) போட வேண்டும்.

அனுமதி இல்லாமல் கராஜை அறையாக மாற்றி ஆள் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது, காப்புறுதியும் கைவிடும். வாடகைக்கு இடம் கிடைக்காமல் தவிக்கும் மாணவர்கள்தான் அங்கே போய்ப் படுக்கிறார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

பக்கத்தில் இரண்டு மாடி வரப் போகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. தடுக்க முடியுமா?

டி.ஏ. என்றால் குறித்த நாளுக்குள் உங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம். வெயில் மறைவது, ஜன்னல் நேராக உங்கள் படுக்கையறையைப் பார்ப்பது, மழைத்தண்ணீர் உங்கள் பக்கம் வழிவது, வண்டி நிறுத்தம் ஆகியவை எடுபடும். 'என் வீட்டு விலை குறையும்', 'அவர்களைப் பிடிக்காது' என்பவை எடுபடாது. முந்தைய பதிலில் சொன்ன சான்றாளர் வழியில் போனால் கருத்துக் கேட்பதே கிடையாது, அறிவிப்பு மட்டும்தான். ஆகவே கடிதம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

ஒரே வாசகத்தில் ஐம்பது பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் தனித்தனியாக அவரவர் வீட்டுப் பாதிப்பை எழுதுவது பலமானது. தனித்தனி எதிர்ப்பு பத்தை எட்டினால் விண்ணப்பம் அதிகாரிகளிடம் முடியாமல் உள்ளூர்த் திட்டக் குழுவுக்குப் போகும். அங்கே நேரில் பேசலாம். உங்கள் கடிதத்தை எதிர்த்தரப்பும் படிக்க நேரலாம் என்பதை நினைவில் வைத்து மரியாதையாக எழுதுங்கள்.

கவுன்சிலரைத் தெரிந்தால் டி.ஏ. சீக்கிரம் கிடைக்குமா?

ஊர் அனுபவத்தில் வரும் கேள்வி இது, கேட்பதில் தப்பில்லை. கிடைக்காது. சிட்னி கவுன்சில்களில் 2018 மார்ச்சிலிருந்து கவுன்சிலர்கள் டி.ஏ.க்கு வாக்களிப்பதே இல்லை. அதிகாரிகளும் மேலே சொன்ன திட்டக் குழுவும்தான் முடிவு செய்கிறார்கள். அன்றாட நிர்வாகம் பொது மேலாளரிடம். ஊழியருக்குக் கவுன்சிலர் உத்தரவு போட முடியாது. பட்டுச் சேலையோ தங்கக் காசோ கொண்டுபோனால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். கட்டட வியாபாரிகள் தேர்தல் நன்கொடை தருவதே இந்த மாநிலத்தில் 2009 முதல் தடை.

அப்படியானால் கவுன்சிலர் எதற்கு? வரவுசெலவு, ரேட்ஸ், எந்தப் பூங்காவுக்கு முதலில் பணம், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் போன்ற கொள்கை முடிவுகளுக்கு. நம் ஐந்து வார்டுகளில் தலா மூவர், மொத்தம் 15 பேர். மேயரை அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பலமுறை புகார் கொடுத்தும் பதிலே இல்லை என்றால், குறிப்பு எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். அவர் விசாரித்துச் சொல்வார்.

பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் விசா) தான் இருக்கிறது. ஓட்டுப் போடலாமா? சிட்டிசன் ஆனால் கட்டாயமா?

பி.ஆர். வைத்து வாக்களிக்க முடியாது, வீடு சொந்தமாக இருந்தாலும்கூட. குடியுரிமை பெற்று, பட்டியலில் பெயர் பதிந்தபின் கட்டாயம். தக்க காரணமின்றித் தவறினால் 55 டாலர் அபராதம். கடைசித் தேர்தல் 2024 செப்டம்பர் 14 அன்று நடந்தது, அடுத்தது 2028 செப்டம்பரில். வாக்குச்சீட்டில் குறுக்கே உள்ள கோட்டுக்கு மேலே, வேட்பாளர் குழு ஒன்றின் கட்டத்தில் 1 என்று போட்டாலே செல்லும். குடியுரிமை விழாவையும் கவுன்சில்தான் மத்திய அரசுக்காக நடத்துகிறது. அங்கே உறுதிமொழி சொன்ன பிறகே நீங்கள் குடிமகன். கடிதம் வந்ததும் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. கவுன்சில் கூட்டத்துக்குப் போய் என்ன பயன்?

131 450 என்ற எண்ணை அழைத்து 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து கவுன்சிலோடு பேச உதவுவார். அது தேசிய மொழிபெயர்ப்புச் சேவை. கூட்டத்தில் பேச முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், சில நிமிடம்தான் தருவார்கள். எழுதி வைத்து வாசிக்கலாம். தடங்கி வாசித்தாலும் அமைதியாகக் கேட்பார்கள். வீட்டிலிருந்தே நேரலையும் பார்க்கலாம்.

பயன் உண்டா என்பதற்கு நம் கவுன்சிலிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2024 மே மாதத் தொடக்கத்தில், ஒருபால் பெற்றோர் பற்றிய சிறுவர் நூல்களை நூலகங்களிலிருந்து அகற்றும் தீர்மானம் 6-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறியது. 15 பேரில் 11 பேர் வாக்களித்தார்கள், ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். மாநில அரசு நூலக நிதி பற்றி எச்சரித்தது. இரண்டு தரப்பு மக்களும் திரண்டு வந்தார்கள், பலர் பெயர் கொடுத்துப் பேசினார்கள். இரண்டே வாரத்தில் அந்தத் தீர்மானம் பெரும்பான்மையால் திரும்பப் பெறப்பட்டது. எந்த நூலை யார் படிக்கலாம் என்பதை நூலகரிடமும் பெற்றோரிடமும் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும், அன்று முடிவை மாற்றியவர்கள் வந்து பேசியவர்கள்தான். தமிழ் நூல் வேண்டுமென்றாலும் நூலகத்தில் கேளுங்கள். மாநில நூலகத்தின் பன்மொழித் தொகுப்பிலிருந்து வரவழைக்க வழி இருக்கிறது.

கவுன்சிலே தப்புச் செய்தால்?

முதலில் கவுன்சிலுக்கே எழுத்தில் புகார். பதில் திருப்தியில்லை என்றால், அரசு அமைப்புகள் மீதான புகாரை விசாரிக்கும் மாநில ஆம்புட்ஸ்மன். ஊழல் என்றால் ஐகாக் என்ற மாநில ஊழல் தடுப்பு ஆணையம். கவுன்சிலரின் நடத்தை பற்றி என்றால் உள்ளாட்சி அலுவலகம். கோப்புகளைப் பார்க்க 2009-ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். ஆம்புட்ஸ்மனுக்கு எழுதக் கட்டணம் கிடையாது, தமிழிலும் உதவி கேட்கலாம்.

ஒரு தெருவுக்கோ பூங்காவுக்கோ தமிழ்ப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்க மாட்டார்கள். அந்த இடத்தோடு அவருக்கு என்ன தொடர்பு என்று காட்ட வேண்டும். பெயரை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள், மாநில இடப்பெயர் வாரியத்தின் விதிகளுக்கும் அது பொருந்த வேண்டும். ஆகவே ஊரில் புகழ்பெற்றவர் என்ற காரணம் மட்டும் போதாது. இங்கே வாழ்ந்து, இங்கே உழைத்து மறைந்த ஒருவரைப் பற்றி, படமும் தேதியும் அக்கம்பக்கத்தார் கடிதங்களும் சேர்த்து எழுதினால் வாய்ப்பு உண்டு.

விண்ணப்பம் எழுதும் முன் ப்ராஸ்பெக்ட் குன்றை ஒட்டியுள்ள பெமுல்வோய் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள். 1790-களில் குடியேற்றப் படைகளை எதிர்த்துப் போராடி, 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பூர்வகுடித் தலைவரின் பெயர் அது. நம் கவுன்சில் எல்லைக்குள் ஒரு முழு ஊருக்கே அந்தப் பெயர் கிடைக்க இருநூறு ஆண்டு ஆனது.